யாருடைய காதுக்கு இந்தக் கதை? பர்மாத் தமிழ்ச் சிறுகதையும் கேட்போர் என்னும் உறுப்பும்

பர்மாத் தமிழர் வாழ்க்கையைக் கதையாக எழுத உட்காருகிறவர்களுக்கு முதல் பத்தியிலேயே ஒரு சிக்கல் வந்துவிடுகிறது. எவ்வளவு விளக்குவது? யாங்கோனில் (பழைய பெயர் ரங்கூன்) கோயில் வகுப்புகளில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் எழுதுவதையும், திருவிழா மலருக்குப் பெரியவர்கள் எழுதித் தருவதையும் தொடர்ந்து படித்து வருகிறேன். பல கதைகள் இப்படித்தான் தொடங்குகின்றன:

“1964ஆம் ஆண்டு. ஜெனரல் நே வின் ஆட்சியில் கடைகள் எல்லாம் அரசுடைமை ஆகிவிட்டன. மே மாதத்தில் ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். இதனால் பர்மாவில் வாழ்ந்த லட்சக்கணக்கான இந்தியர்கள் துன்பத்துக்கு ஆளானார்கள். அவர்களில் ராமசாமியும் ஒருவர்.”

தகவல் எல்லாம் சரி. 1962 மார்ச்சில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. இரண்டே மாதத்தில் பெரிய நோட்டுகள் செல்லாமல் போயின. அடுத்த சில ஆண்டுகளில் மூன்று லட்சம் அளவுக்கு இந்திய வம்சாவளியினர் கப்பலேறிப் போனார்கள். ஆனால் கதை இன்னும் தொடங்கவே இல்லை. ராமசாமி உள்ளே வரும்போது அவருக்கு முகம் இல்லை. லட்சம் பேரில் ஒருவராக வந்து நிற்கிறார்.

எழுதியவருக்குக் கற்பனை போதவில்லை என்று நான் நினைக்கவில்லை. மொழியிலும் குறை இல்லை. இந்தக் கதையை யாரிடம் சொல்கிறோம் என்பதை மட்டும் அவர் முடிவு செய்யவில்லை. அப்படி முடிவு செய்யாமல் விட்டால், மனம் தானாகவே ஒருவரைக் கொண்டுவந்து எதிரில் உட்கார வைத்துவிடும். நம் ஊரைப் பற்றி ஒன்றுமே அறியாத, எங்கோ தூரத்தில் இருக்கிற ஒருவர். அவருக்கு எல்லாவற்றையும் அடியிலிருந்து சொல்லியாக வேண்டும். சொல்லிச் சொல்லியே முதல் இரண்டு பக்கம் தீர்ந்துவிடும். அப்புறம் ராமசாமிக்கு மிச்சமிருப்பது நாலைந்து பத்தி.

சிறுகதையின் உறுப்புகள் என்ன என்று கேட்டால் கரு, கதைமாந்தர், களம், முரண், உச்சம், முடிவு என்று பாடப்புத்தக வரிசை வந்து விழும். உத்திகள் என்றால் பின்னோக்கு, குறியீடு, நனவோடை. இவற்றில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கதை யாருடைய காதில் விழுகிறது என்ற கேள்வி அந்த வரிசையில் எங்கும் இல்லை. நம்மிடம் இருக்கும் மிகப் பழைய இலக்கணத்தில் அது இருக்கிறது.

தொல்காப்பியத்தின் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறது. மாத்திரை, அசை, சீர் என்று ஓசையைப் பற்றியவை முதலில் வரும். அவற்றைத் தாண்டிப் போனால் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்று ஒரு கொத்து. யார் பேசுகிறார், யார் கேட்கிறார், எங்கே, எப்போது, பேச்சால் என்ன விளைகிறது, உடம்பில் என்ன தெரிகிறது, எது சொல்லாமல் விடப்படுகிறது, பேச்சை வைத்தே பேசியவரை எப்படி அறிகிறோம். சிறுகதைப் பட்டறையில் ஒரு வாரம் உட்கார்ந்து பேசக்கூடிய அத்தனையும் இந்த எட்டில் இருக்கிறது. செய்யுளுக்குச் சொன்னதைக் கதைக்கு இழுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அகப்பாடலில் கவிஞர் தம் குரலில் பேசுவதில்லை. பெயரில்லாத ஒருத்தி, பெயரில்லாத இன்னொருத்தியிடம், ஒரு குறிப்பிட்ட தருணத்தில் பேசுகிறாள். அதை நாம் ஒட்டுக்கேட்கிறோம். இது சிறுகதை இல்லாமல் வேறென்ன?

குறுந்தொகையின் 25ஆம் பாட்டு கபிலருடையது. ஐந்தே அடி. தன்னோடு கூடியவன் வாக்குத் தவறிவிடுவானோ என்ற பயத்தில் தலைவி தோழியிடம் சொல்கிறாள்: அன்றைக்கு அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகும் இருந்தது.

இந்தப் பேச்சு தோழியிடம் நடப்பதால்தான் இப்படி இருக்கிறது. தாயிடம் சொல்லியிருந்தால் குருகு வந்திருக்காது. அழுகையும் மன்னிப்பும் வந்திருக்கும். அவனிடமே சொல்லியிருந்தால் அது வழக்கு. தோழிக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும். அவன் யார், எந்த ஊர், எத்தனை நாளாகப் பழக்கம் என்று ஒன்றையும் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் ஐந்து அடியில் மூன்றை ஒரு பறவைக்கும் அது பார்த்த மீனுக்கும் கொடுக்க முடிந்தது. அந்தப் பறவையின் கண் தன் இரையில் இருந்தது, சாட்சி சொல்ல அது வராது, அவனும் அப்படித்தான் இருந்தானோ என்ற எண்ணம் எல்லாம் சொல்லாமலே வந்து சேர்கிறது. கேட்பவர் யார் என்று தீர்மானமானதும், எதை விடலாம் என்பதும் கூடவே தீர்மானமாகிவிட்டது.

இதை நம் மண்ணில் வைத்துப் பார்ப்போம். 1964 நோட்டுக் கதையையே எடுத்துக்கொள்கிறேன். ரங்கூனில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர். கடை மார்ச்சில் போய்விட்டது. வங்கியில் நம்பிக்கை இல்லாமல் நூறு கியாட் நோட்டுகளை அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறார். மே மாதத்தில் அதுவும் காகிதமாகிவிட்டது. சொல்வது அவருடைய மகள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, இப்போது கிழவி. கதைக்கு வேண்டிய சம்பவம் இவ்வளவுதான். கேட்பவரை மட்டும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள்.

முதலில், சிவகங்கைப் பக்கம் இருக்கும் சித்தப்பாவிடம் அவள் சொல்கிறாள்:

“சித்தப்பா, அப்பா காசை எல்லாம் சீட்டாடித் தொலைத்ததாக நீங்கள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். டின்னுக்குள் எவ்வளவு இருந்தது என்று அம்மாவுக்குக்கூடத் தெரியாது. எனக்குத் தெரியும். எண்ணிக் கொடுத்தவள் நான்தான்.”

அடுத்து, யாங்கோன் வீட்டில் பழைய நோட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து நிற்கும் பேரனிடம்:

“அதுக்கு ஏன்டா இஸ்திரி போடுறே? மடிப்போடவே இருக்கட்டும். உன் பாட்டிக்கு அப்பன் மடிச்ச மடிப்பு அது.”

மூன்றாவதாக, அன்றும் இன்றும் பக்கத்து வீட்டில் இருக்கிற பர்மியப் பெண்மணியிடம்:

“அக்கா, அன்னிக்கு ராத்திரி வந்து கேட்டீங்க, கொஞ்சத்தை என் பேரில் மாற்றித் தரட்டுமா என்று. அப்பா கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நீங்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். உங்களை நம்பாமல் இல்லை.”

சித்தப்பாவிடம் சொல்லும்போது கதைக்குள் ஒரு வழக்கு நுழைந்துவிடுகிறது. தொகை முக்கியமாகிறது. சாட்சி முக்கியமாகிறது. கடை எப்படிப் போனது என்பதைச் சொல்லவும் இடம் இருக்கிறது, ஏனென்றால் சித்தப்பாவுக்கு அது தெரியாது. ஆனால் தகவலாகச் சொல்ல முடியாது, வாதமாகத்தான் சொல்ல முடியும். வரலாறு இங்கே ஒரு மகள் தன் அப்பாவுக்காகப் பேசும் பேச்சுக்குள் வந்துவிடுகிறது. பேரனிடம் சொல்லும்போது நோட்டு ஒரு பொருளாகக் கைக்கு வருகிறது, அதன் மடிப்பு தெரிகிறது. விளக்கமும் இயல்பாக வரும், அவன் கேட்பான் அல்லவா. ஆபத்தும் அங்கேதான். நாலு கேள்விக்குள் பாட்டி வகுப்பெடுக்கத் தொடங்கிவிடுவாள். பேரனைக் கேட்பவனாக வைத்த கதைகளில் பெரும்பாலானவை இந்தப் பள்ளத்தில்தான் விழுகின்றன. அவன் கேள்வி கேட்கும் இயந்திரமாக இல்லாமல், அவனுக்கும் ஏதோ ஒன்று வேண்டியிருக்க வேண்டும். அந்த நோட்டைச் சேகரிப்பவர்களிடம் விற்க நினைக்கிறான் என்று வைத்தால் கதைக்கு உயிர் வந்துவிடும்.

எனக்கு மூன்றாவதுதான் பிடித்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு 1964ஐ விளக்க வேண்டியதே இல்லை. அவரும் அதே தெருவில்தான் இருந்தார். தேதி, நே வின், அரசாணை, எல்லாம் ஒரே அடியில் உதிர்ந்துவிடுகின்றன. மிஞ்சுவது இரண்டு வீட்டுக்கும் நடுவில் அறுபது ஆண்டாகப் பேசாமல் கிடந்த ஒன்று மட்டும். உதவி செய்ய வந்தவரை ஏன் திருப்பி அனுப்பினோம்? நம்பாமல் இல்லை என்று அவள் சொல்லும்போதே, நம்பவில்லை என்பதும் நமக்குக் கேட்கிறது. பர்மாவில் இந்தியர் என்ன நிலையில் இருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சரியான விளக்கத்தை ஒரு பக்கக் கட்டுரையாலும் தர முடியாது.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்றிலும் அப்பா வாய் திறக்கவில்லை. அவர் சொன்னதும் செய்ததும் மகள் வாய் வழியாகத்தான் வருகிறது. அகப்பாடலில் யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்று செய்யுளியலில் ஒரு விதி உண்டு. ஊரார், அயலார், தந்தை, தமையன் ஆகியோர் நேராகப் பேசமாட்டார்கள். அவர்கள் சொன்னதாக மற்றவர்கள் எடுத்துச் சொல்வார்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்து வீட்டு ஒழுங்கு இதற்குக் காரணமாக இருக்கலாம், ஆனால் கதை எழுதுகிறவருக்கு இது அருமையான உத்தி. எல்லோரையும் தாங்கி நிற்கிற ஆள் கதையில் நேரே வந்து பேசாவிட்டால் அவருடைய கனம் கூடுகிறது. அப்பா தன் துக்கத்தை இரண்டு வரியில் சொல்லிவிட்டால் அது அந்த இரண்டு வரி அளவுக்குச் சுருங்கிவிடும்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். பக்கத்து வீட்டு பர்மியப் பெண்மணி தமிழ்ச் சிறுகதை படிக்கப் போவதில்லை. யாங்கோனில் வளரும் பேரனுக்கும் பர்மிய எழுத்துதான் வேகமாக வரும். அப்படியிருக்க அவர்களை எப்படிக் கேட்போராக வைப்பது? கேட்போர் வேறு, வாசகர் வேறு. குறுந்தொகையின் தோழி நாம் இல்லை. இரண்டாயிரம் ஆண்டு கழித்துப் படிக்கும் நமக்கு அந்த மலையும் தெரியாது, அந்த ஆறும் தெரியாது. ஆனாலும் புரிகிறது. தோழிக்குத் தெரிந்ததைத் தலைவி விளக்காமல் விடுவதால் நாம் ஊகிக்கத் தொடங்குகிறோம். ஊகிக்கிறவருக்குக் கதையில் பங்கு கிடைக்கிறது. எல்லாம் விளக்கப்பட்ட கதையில் வாசகருக்கு வேலை இல்லை. தமிழ்நாட்டிலிருந்து படிப்பவரை மதிப்பது என்றால் அவரைத் தோழியின் பக்கத்தில் உட்கார வைப்பதுதான். அவர் பிடித்துக்கொள்வார்.

கேட்பவர் மனிதராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஞாயிறு, திங்கள், கடல், மரம், புள், நெஞ்சு போன்றவற்றைப் பேசுவது போலவும் கேட்பது போலவும் வைக்கலாம் என்று அந்த இலக்கணம் இடம் கொடுக்கிறது. நெஞ்சோடு பேசுவதைத்தான் இப்போது நனவோடை என்கிறோம். தமிழ்ப் பெயர் புதிதே தவிர, வழக்கம் பழையது.

காலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பர்மாவைப் போல் ஆண்டைச் சொல்லாமலே ஆண்டைச் சொல்ல வசதியுள்ள நாடு குறைவு. நோட்டையே பாருங்கள். 1964க்குப் பிறகு 1985 நவம்பரில் மறுபடி பெரிய நோட்டுகளைச் செல்லாததாக்கினார்கள். அதன்பின் 75 கியாட் நோட்டு ஒன்று வந்தது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 மூன்றையும் முன்னறிவிப்பு இல்லாமல் ஒழித்துவிட்டு, ஒன்பதால் வகுபடும் 45, 90 என்று புதிய நோட்டுகளை வெளியிட்டார்கள். அப்படியானால், கதையில் ஒருத்தி சந்தையில் 75 கியாட் நோட்டை நீட்டினால் அது இரண்டு ஆண்டுக்கும் குறைந்த ஒரு காலத்துக்குள்தான் நடக்க முடியும். 90 கியாட் நோட்டைக் கொடுத்து மிச்சம் வாங்கக் கணக்குப் போட்டுத் திணறினால் அது அதற்குப் பிந்திய காலம். இங்கே வாழ்ந்தவருக்கு அந்த ஒரு எண் போதும். வெளியில் இருப்பவருக்கு இப்படியும் ஒரு நோட்டு இருக்குமா என்ற வியப்பு போதும். அந்த வியப்பே அந்தக் காலத்தின் குணத்தைச் சொல்லிவிடுகிறது.

வண்டிகளும் அப்படித்தான். 1970 டிசம்பரில் ஒரே நாளில் போக்குவரத்தை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். வண்டிகள் மாறவில்லை. பேருந்தின் வாசல் இடப்பக்கமே இருந்ததால் ஆட்கள் நடுச்சாலையில் இறங்கினார்கள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடுச்சாலையில் இறங்கும் ஒரு தாயைக் காட்டினால், காலமும் ஊரும் அவளுடைய பதற்றமும் ஒன்றாகவே வந்துவிடும். “1970களின் ரங்கூன்” என்று தொடங்கத் தேவையில்லை.

முதல், கரு, உரி என்று அகத்துக்கு மூன்றைச் சொல்வார்கள். நிலமும் பொழுதும் முதல். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் போன்றவை கரு. உணர்வும் ஒழுக்கமும் உரி. மூன்றில் முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் சிறந்தவை என்று உரையாசிரியர்கள் கொண்டார்கள். எனக்கு இந்த ஏற்றமுறை மிக முக்கியமாகப் படுகிறது. நாம் எழுதும் கதைகளில் இது பெரும்பாலும் தலைகீழாக நிற்கிறது. இடமும் ஆண்டும் நீளமாக வரும். பொருள்கள் பட்டியலாக வரும். உணர்வு கடைசி வரியில் ஒரு கண்ணீர்த் துளியாக வரும்.

பொருள்களைப் பட்டியலாக்கும் பழக்கத்தைப் பற்றி மனம் திறந்து சொல்கிறேன். முகத்தில் தனாக்கா மரப்பூச்சு, இடுப்பில் லுங்கி, தட்டில் மோஹிங்கா, தூரத்தில் ஷ்வேதகோன் கோபுரம். ஒரே பத்தியில் இந்த நான்கும் வந்துவிட்டால் அது சுற்றுலாக்காரர் கண். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண் தன் கன்னத்தில் இருக்கும் தனாக்காவை எப்போது கவனிப்பாள்? வியர்வையில் கலையும்போது, அல்லது அழுத பிறகு கண்ணுக்குக் கீழே கோடு விழுந்திருப்பதைக் கண்ணாடியில் பார்க்கும்போது. அப்போது எழுதுங்கள். கருப்பொருளுக்குள் உரிப்பொருள் ஏறியிருக்கும். ஒன்றைச் சொல்லி உள்ளே வேறொன்றை உணர்த்தும் உள்ளுறை உவமத்தைக் கருப்பொருளின் மேல்தான் கட்ட வேண்டும், தெய்வத்தை மட்டும் விட்டுவிட வேண்டும் என்பது பழைய விதி. அந்த அரிசி டின்னுக்கே வருவோம். நோட்டுகள் செல்லாது என்று தெரிந்த மறுநாள் காலை. மகள் வழக்கம்போல் அரிசியை முறத்தில் கொட்டி வண்டு பொறுக்குகிறாள். நோட்டுக்கட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வண்டை மட்டும் பொறுக்கி வெளியே போடுகிறாள். எதைக் களைவது, எதை வைத்துக்கொள்வது, இந்த ஊரில் நாம் எது என்ற எண்ணமெல்லாம் அந்த முறத்தில் இருக்கிறது. விளக்கி ஒரு சொல் எழுதினாலும் கெட்டுப்போகும்.

1942 நடைப்பயணத்தைப் பற்றி எழுத வருகிறவர்களுக்கு இன்னொரு விதமான பாரம். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச் 8 அன்று நகரம் அவர்கள் கைக்குப் போனது. அரக்கான் மலை வழியாகவும், தமு வழியாக இம்பாலுக்கும், வடக்கே ஹுக்காங் பள்ளத்தாக்கு வழியாக அசாமுக்கும் லட்சக்கணக்கானவர்கள் நடந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்தார்கள். நம் குடும்பங்களில் இதைப் பற்றிய நினைவு இல்லாத வீடு அபூர்வம். அதனாலேயே முழு நடையையும் எழுதிவிட வேண்டும் என்ற ஆசை வருகிறது. முழு நடை நாவலின் வேலை. சிறுகதையால் தாங்கக்கூடியது ஒரு மாலைப்பொழுது. ஒரே செம்பில் தண்ணீர் இருக்கிறது, நான்கு பேர் இருக்கிறார்கள், ஒருவருக்குக் காய்ச்சல். செம்பு யார் கையில் இருக்கிறது? யார் கேட்கவில்லை? அந்த ஒன்றிலேயே நின்றால், எத்தனை நாள், எத்தனை மைல் என்பதை எல்லாம் வாசகர் தாமே சேர்த்துக்கொள்வார். எந்தத் துயரத்தைச் சொல்வது என்று தெரிவு செய்வதை இறந்தவர்களுக்குச் செய்யும் அவமதிப்பாகச் சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எண்ணிக்கையில் கலந்துபோன ஒருவரை அதிலிருந்து மீட்பதற்குக் கதையிடம் இருக்கிற வழி இது ஒன்றுதான்.

அடுத்து முன்னம். இந்த இடத்தில் இந்தப் பேச்சு இவருக்குத்தான் உரியது என்று வாசகர் தாமே அறியும்படி பேச்சை அமைப்பது. கடை பறிபோன காலத்துக் காட்சி ஒன்று:

“முதலாளி, இன்னும் சாப்பிடலையா?”

“வச்சிட்டுப் போ.”

“அவங்க சாவி கேக்குறாங்க...”

“வச்சிட்டுப் போன்னு சொன்னேன்ல.”

ஒரு வாரம் கழித்து அதே இருவர்:

“அண்ணே, சாப்டீங்களா?”

“ம்.”

யார் பேசினார், எந்த முகத்தோடு பேசினார் என்று ஒன்றும் எழுதவில்லை. வேலைக்காரப் பையன் முதலாளி என்ற சொல்லை விட்டுவிட்டு அண்ணே என்று கூப்பிடுகிறான். அவன் அன்பாகத்தான் கூப்பிடுகிறான். கடையில் இப்போது அவனுக்குத்தான் சம்பளம் வருகிறது. அந்த “ம்” எவ்வளவு கனமாக இருக்கிறது என்பதை முதல் உரையாடல் இருந்தால்தான் உணர முடியும். தமிழில் உறவுமுறைச் சொல்லும் மரியாதை விகுதியும் இவ்வளவு வேலை செய்யும்போது, “என்று அவன் வருத்தத்துடன் கூறினான்” என்று எழுதிக் கெடுக்க வேண்டாம். பேச்சுத் தமிழில் பர்மியச் சொல் கலந்து வருவதும் அப்படியே வரட்டும். அந்தக் கலப்பின் அளவே ஆளின் வயதையும் ஊரையும் காட்டிவிடும்.

எச்சத்தை உரையாசிரியர்கள் இரண்டாகப் பிரிப்பார்கள். சொல்லைச் சேர்த்தால் முடிவது ஒன்று, குறிப்பைப் பிடித்தால் முடிவது ஒன்று. பர்மாவில் குறிப்பெச்சம் அழகுக்காக மட்டும் வளரவில்லை. 1962இல் வந்த அச்சகப் பதிவுச் சட்டத்துக்குப் பிறகு பத்திரிகைகளும் புத்தகங்களும் தணிக்கைக்குப் போய் வந்தன. பிடிக்காத பத்தியின் மேல் மை பூசினார்கள், பக்கங்களைக் கிழித்தார்கள். வெளியிடும் முன்பே தணிக்கை செய்யும் அந்த முறை 2012 ஆகஸ்டில்தான் முடிவுக்கு வந்தது. அந்த ஐம்பது ஆண்டில் பர்மியச் சிறுகதை மாதப் பத்திரிகைகளில் செழித்தது. மின்சாரம் போன வீடு, வராத பேருந்து, விலையேறிய எண்ணெய் என்று எழுதினாலே வாசகருக்கு மிச்சம் புரிந்தது. கேட்பவருக்கு என்ன தெரியும் என்று எழுதியவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. தமிழில் எழுதும் நாம் இந்தப் பள்ளியில் படிக்கத் தவறிவிட்டோம் என்பது என் எண்ணம். பர்மியக் கதைகளைப் படிக்கும் தமிழ் இளைஞர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள்; அந்தக் கை தமிழுக்கு வர வேண்டும்.

முடிவுகளில்தான் இந்தக் குறை பளிச்சென்று தெரிகிறது. மகள் வண்டு பொறுக்குவதோடு நிற்க வேண்டிய கதை, “அன்றுதான் அவள் வாழ்க்கை என்றால் என்னவென்று புரிந்துகொண்டாள்” என்று இன்னொரு வரி போகும். அந்த வரியை யாரிடம் சொல்கிறோம்? பக்கத்து வீட்டு அக்காவிடம் இப்படி ஒரு வாக்கியத்தை நேரில் சொல்ல முடியுமா? சொல்ல முடியாது என்றால் அடித்துவிடலாம். திடீர்த் திருப்பத்தோடு முடிக்கும் கதைகளையும் இதே கேள்வியால் சோதிக்கலாம். தோழிக்கு முன்பே தெரிந்த விஷயத்தை வாசகரிடம் மட்டும் மறைத்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டினால், அது கேட்போரை ஏமாற்றி எழுதிய கதை.

கடைசியாக அடிக்குறிப்பு. தமிழ்நாட்டு வாசகருக்காக ஒவ்வொரு சொல்லுக்கும் கதைக்குள்ளேயே பொருள் சொல்ல வேண்டும் என்று மலர்க் குழுக்களில் கேட்கிறார்கள். அப்பத்தா சமையலறையில் நின்று, “நாப்பி என்னும் மீன் விழுதைக் கொஞ்சம் எடு” என்று மருமகளிடம் சொல்வது போல் ஒரு கதையில் பார்த்தேன். தினமும் அதை வதக்குகிற இருவர் அப்படிப் பேசிக்கொள்ள மாட்டார்கள். அந்த ஒரு வரியில் மருமகள் காணாமல் போய், சென்னையிலிருந்து யாரோ ஒருவர் அடுப்படிக்குள் வந்து நிற்கிறார். மலரின் கடைசியில் சொற்பட்டியலுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் வேண்டியவர் அங்கே பார்த்துக்கொள்வார். கதைக்குள் அப்பத்தா, “நாப்பிய எடு, அடுப்ப தணிச்சுக்க” என்று மட்டும் சொல்லட்டும்.